பேய் வரும்வரை உட்காரலாமா? நான்கு பழைய படங்களும் ஒரு ராத்திரியும்

கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிற சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி படம் போடுவது நம் திருநெல்வேலிப் பக்கத்தில் பல வீடுகளில் நடக்கிறது. புரொஜெக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. இல்லையென்றால் டிவியையே தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, தூக்கிவிடுகிறார்கள். எதைப் போடுவது என்பதில்தான் இழுபறி. பிள்ளைகளுக்குப் பேய்ப்படம் வேண்டும், பெரியவர்களுக்குப் பழைய படம் வேண்டும். இரண்டுக்கும் பொதுவாகப் பழைய பேய்ப்படம் என்று முடிவானதும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அதுல பேய் வாரதுக்குள்ள விடிஞ்சிரும்லா? அம்புட்டு நேரம் யாரு உக்காருவா?"

கேள்வி நியாயமானது. ஒரு ராத்திரி, ஒரு படம்தான் என்றால் அது வீணாகக் கூடாது. அதனால் நான்கு படங்களை எடுத்துக்கொண்டு, பொறுமையாக உட்கார்ந்தவருக்கு எந்தப் படம் என்ன கொடுக்கிறது என்று பார்க்கலாம். தமிழில் இரண்டு: ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963), ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த 'யார் நீ?' (1966). மலையாளத்தில் ஒன்று: வின்சென்ட்டின் 'பார்கவி நிலையம்' (1964). ஆங்கிலத்தில் ஒன்று: ராபர்ட் வைஸ் இயக்கிய 'தி ஹான்டிங்' (1963). நான்குமே 1963க்கும் 1966க்கும் இடையில் வந்தவை. நான்கிலும் அவசரம் கிடையாது.

படங்களுக்குள் போவதற்கு முன்னால், காத்திருக்க வைப்பது என்றால் என்ன என்பதை நம் ஊர் வழியிலேயே பார்த்துவிடுவோம். வில்லுப்பாட்டில் புலவர் வில்லை அடிக்கிற வீசுகோலை எடுத்த உடனே கதை தொடங்கிவிடாது. காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் எல்லாம் பாடி முடித்த பிறகுதான் கதை. அதற்குள் குடமும் உடுக்கையும் ஒரு கதிக்கு வந்துவிடும். முன்வரிசையில் கிடக்கிற பிள்ளைகள் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். ஆனாலும் யாரும் எழுந்து போவதில்லை.

இசக்கியம்மன் கோவிலில் பாடுகிற நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நீலி கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு செட்டியைத் துரத்துகிறாள். அவன் ஊருக்குள் ஓடுகிறான். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வழக்கு நடக்கிறது. இவன் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறான் என்கிறாள் அவள். இவள் பேய் என்கிறான் அவன். கேட்கிற நமக்கும் அவள் பேய் என்று தெரியும், பெரியவர்களுக்கு மட்டும் தெரியாது. அவர்கள் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் நியாயமானதாகவே இருக்கிறது. அந்தப் பிள்ளை செட்டியைப் பார்த்து அப்பா என்று தாவுகிறபோது வழக்கு முடிந்துபோகிறது. இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். கொலை ராத்திரிதான் நடக்கிறது. ஆனால் கேட்கிறவர் வயிற்றைப் பிசைவது பகலில் நடந்த அந்த வழக்குதான். நல்ல மனிதர்கள் நல்ல எண்ணத்தோடு ஒருவனைச் சாவுக்குள் அனுப்பிவைக்கிறார்கள். புலவர் அந்த இடத்தை நீட்ட நீட்ட, நமக்கு மூச்சு முட்டும்.

என் அளவுகோல் இதுதான். பேய் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பதைவிட, வராத அந்த நேரத்தில் படம் நம்மை யாரோடு சேர்த்துக் கட்டிப்போடுகிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். கட்டிப்போட்டால் எத்தனை நேரமும் உட்காரலாம். வெறுமனே நேரத்தைத் தள்ளினால் பத்து நிமிடம்கூட அதிகம்.

'யார் நீ?' படத்தின் தொடக்கத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மழை ராத்திரி, காரில் தனியாக வருகிற டாக்டர், ரோட்டோரம் வெள்ளைச் சேலையில் நிற்கிற ஒரு பெண். இந்தியில் 1964இல் வந்த 'வோ கோன் தீ' படத்தின் தமிழ் வடிவம் இது. வேதாவின் இசையும், சுசீலா பாடிய 'நானே வருவேன்' பாட்டும் படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து காதுக்குள் உட்கார்ந்துவிடும். ஆனால் இந்தப் படம் நம்மை இருத்தி வைப்பது விடைக்காக. அவள் யார் என்ற முடிச்சு அவிழ்ந்ததும் அந்த மழை ராத்திரியின் பயமும் கூடவே அவிழ்ந்துவிடுகிறது. ஒரு தடவை பார்க்க நல்ல படம். விடை தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதிச் சுவை போய்விடும். எப்படியும் கூட்டத்தில் ஒரு பெரியப்பாவுக்கு விடை தெரிந்திருக்கும், அவர் சும்மா இருக்க மாட்டார். பிள்ளைகள் அதிகமாக இருக்கிற வீட்டுக்கு இது பொருந்தும். அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

'நெஞ்சம் மறப்பதில்லை' வேறு வகை. முற்பிறவிக் கதை. கல்யாண்குமார், தேவிகா, ஜமீன்தாராக நம்பியார். பிறகு வந்த எத்தனையோ மறுபிறவிப் படங்களைப் பார்த்துவிட்டு இதற்கு வருகிறவருக்கு அடுத்தது என்ன என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். அது இந்தப் படத்தின் குற்றமில்லை. இதில் காத்திருப்புக்குக் கூலி இரண்டு இடத்தில் கிடைக்கிறது. ஒன்று, அந்தப் பாட்டு. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் பி.பி.ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் பாடியது. காதல் பாட்டாகத் தனியே கேட்டுப் பழகியவர்களுக்கு, படத்துக்குள் அது வருகிற இடத்தில் முதுகுத்தண்டில் சில்லென்று இருக்கும். இன்னொன்று, நூறு வயது தாண்டிய கிழவராக வருகிற நம்பியார். ஒரு பிறவியில் செய்த கொடுமை அடுத்த பிறவி வரைக்கும் சாகாமல் கிடக்கிறது என்பதை அந்த ஒரு உருவமே சொல்லிவிடுகிறது. பெரிய பெரிய வசனங்கள் தேவைப்படவில்லை. பழைய ஜமீன் அரண்மனைகளை ஊற்றுமலை, சிங்கம்பட்டிப் பக்கம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பாழடைந்த மாளிகைக்குள் ஒரு கதை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்பதை நம்புவதற்குச் சிரமமே இருக்காது.

குறையும் உண்டு. கதை நடுநடுவே வேறு பக்கம் போய்விட்டுத் திரும்புகிறது. அந்தக் காலத்துத் தமிழ்ப்படத்துக்குப் பாட்டும் சிரிப்பும் கட்டாயம் வேண்டும் என்பதால், ஏறிக்கொண்டே வந்த பயம் அங்கங்கே இறங்கிவிடுகிறது. ஆச்சிகளுக்கு அது குறையாகவே படாது. அவர்களுக்கு வெற்றிலை போட்டுக்கொள்ள அந்த இடைவெளி வேண்டும்.

இந்தப் படத்தை ஒளிப்பதிவு செய்த ஏ.வின்சென்ட்தான் அடுத்த ஆண்டு 'பார்கவி நிலையம்' படத்தை இயக்கினார். இயக்குநராக அவருக்கு அதுதான் முதல் படம். கறுப்பு வெள்ளையில் இருட்டை எப்படி வைப்பது என்று கைகண்டவர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஸ்ரீதர் படத்தில் நிழல் பின்னால் நிற்கிறது, தன் சொந்தப் படத்தில் வின்சென்ட் அதை முன்னால் கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டார் என்று தோன்றும்.

வைக்கம் முகம்மது பஷீர் தன் 'நீல வெளிச்சம்' கதையிலிருந்து தானே திரைக்கதை எழுதிய படம் இது. ஒரு எழுத்தாளன் பாழடைந்த வீடொன்றை வாடகைக்கு எடுக்கிறான். பார்கவி என்ற பெண் கிணற்றில் விழுந்து செத்த வீடு அது, அங்கே அவள் பேயாக இருக்கிறாள் என்று ஊர் சொல்கிறது. மற்றப் படங்களில் இந்த இடத்தில் ஆள் பயந்து ஓடுவான். நடிகர் மது நடித்த இந்த எழுத்தாளன் அவளோடு பேசத் தொடங்குகிறான். பார்கவிக்குட்டி என்று கூப்பிடுகிறான். அவளிடம் அனுமதி கேட்கிறான், குறைப்பட்டுக்கொள்கிறான், தன் தனிமையைச் சொல்கிறான். திரையில் ஒரே ஒரு ஆள், ஒரு வீடு, ஒரு கிணறு, பதில் சொல்லாத ஒருத்தி. நீண்ட நேரம் இவ்வளவுதான்.

இந்த நீளத்தைத்தான் பலரும் மெதுவு என்கிறார்கள். எனக்கு அதுதான் படமே. பேயோடு ஒருவன் பேசப் பேச, நாமும் அவள் இருப்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பரிவாகிறது. அவள் எப்படிச் செத்தாள் என்ற கேள்வி எழுகிறபோது, நாம் பேயைப் பற்றி விசாரிக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி விசாரிக்கிறோம். நீலியாகப் பாடப்படுகிற நம் இசக்கியும் அப்படித்தானே? சதி செய்து கொல்லப்பட்ட ஒருத்தி பயமுறுத்துகிறாள், பிறகு கும்பிடப்படுகிறாள், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். பேயைக் கண்டு நடுங்குவதும் அவளுக்காக அழுவதும் ஒரே மனசுக்குள் நடக்கும் என்பது திருநெல்வேலிச் சீமையில் யாருக்கும் சொல்லித் தரவேண்டிய விஷயமில்லை. அதனாலேயே இந்தப் படம் நமக்கு நெருக்கமானது என்று உறுதியாக நம்புகிறேன்.

பிற்பாதி முன்கதையாக, காதல் கதையாக மாறுகிறது. பாபுராஜின் இசையில் யேசுதாஸ் பாடிய 'தாமசமெந்தே வருவான்' அங்கேதான் வருகிறது. தாமதம் ஏன் என்று கேட்கிற அந்தப் பாட்டுக்காகவே மெதுவாக நகர்கிற படத்தை மன்னித்துவிடலாம். மொழி தடையா என்றால், செங்கோட்டை, புளியரைப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதானே இருந்தது. கிழக்கே, திசையன்விளை, உடன்குடிப் பக்கம் மலையாளம் அவ்வளவு புழக்கமில்லை. அங்கே பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவ்வப்போது சொல்லிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

இனி 'தி ஹான்டிங்'. நான்கில் மிகவும் மெதுவானது. பேயே காட்டாத பேய்ப்படம். ஒரு தடவைகூட, ஒரு நிழல்கூட இல்லை. "பேய எப்பம்ல காட்டுவான்?" என்று கேட்பவருக்கு நேர்மையான பதில், காட்டவே மாட்டான் என்பதுதான். அப்படியிருந்தும் பொறுமைக்கு அதிகக் கூலி தருவது இந்தப் படம்தான் என்பது என் முடிவு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய நாவல் கதைக்கு மூலம். அமெரிக்காவில் ஒரு தனி மாளிகை. அங்கே பேய் இருக்கிறதா என்று ஆராய ஒரு ஆராய்ச்சியாளர் சிலரை அழைத்து வருகிறார். அவர்களில் ஒருத்தி எலினார். ஜூலி ஹாரிஸ் நடித்தது. தாயைக் கவனித்துக்கொள்வதிலேயே இளமையைக் கழித்தவள். தாய் இறந்த பிறகு அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறாள். அவளுக்கென்று ஒரு அறைகூட இல்லை. அந்த மாளிகைக்கு வருவதற்குக்கூட வீட்டில் சண்டை போட்டுக் காரை எடுத்துக்கொண்டு வருகிறாள். பேய் வீட்டுக்குப் போகிறவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் முதல் தடவையாக அவளை ஒருவர் கூப்பிட்டிருக்கிறார்.

நம் தெருக்களில் இப்படி ஒரு அத்தையைத் தெரியாதவர்கள் குறைவு. படுத்த படுக்கையான தாய்க்குக் கஞ்சி ஊற்றி, துணி மாற்றி, ராத்திரி கூப்பிட்ட குரலுக்கு எழுந்து, கல்யாண வயது கடந்து, கடைசியில் தம்பி வீட்டில் ஒரு மூலையில் பாயோடு இருப்பவர். கொடைக்கு எல்லாரும் வந்திருக்கிறபோது அடுக்களையை விட்டு வெளியே வராதவர். எலினார் யாரென்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம்.

படத்தின் தொடக்கத்தில் அந்த மாளிகையின் பழைய கதை சில நிமிடங்களில் ஓடுகிறது. அதில் படுக்கையில் கிடக்கிற ஒரு கிழவி, துணைக்கு இருக்கிற பெண்ணை அழைக்கக் கைத்தடியால் சுவரைத் தட்டுகிறாள். அந்தப் பெண் வரவில்லை. கிழவி செத்துப்போகிறாள். இதைப் பார்க்கிறபோது சும்மா முன்கதை என்று தாண்டிவிடுவோம். பிறகு எலினாரின் தாயும் கடைசி ராத்திரி சுவரைத் தட்டினாள் என்று தெரிகிறது, எலினார் எழுந்து போகவில்லை. மாளிகையில் ஒரு ராத்திரி. நடைக்கூடத்தில் ஏதோ ஒன்று சுவரை இடித்துக்கொண்டே வருகிறது. தூக்கக் கலக்கத்தில் எலினார் பதில் கொடுக்கிறாள்: வருகிறேன் அம்மா.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் படம் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. முதல் அரை மணி நேரத்தை ஓட்டிவிட்டுப் பார்ப்பவருக்கு அது வெறும் இடிச்சத்தம். பொறுமையாக உட்கார்ந்தவருக்கு அது ஒரு பெண்ணின் குற்ற உணர்ச்சி சுவர் வழியாக நடந்து வருகிற சத்தம். இடிப்பது பேயா, அவள் மனசா என்று பிரிக்க முடியாத இடத்தில் நம்மை நிறுத்திவிடுகிறார் வைஸ். பிறகு, கதவு மூச்சு விடுவதுபோல உள்ளே புடைத்து வருகிற காட்சி. இருட்டில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்று விளக்கைப் போட்ட பிறகு தெரிகிற காட்சி. இரண்டையும் நான் மேலே விளக்கப்போவதில்லை.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் படம் காதால் பார்க்க வேண்டிய படம். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் வைத்தால் பாதி போய்விடும். நல்ல ஸ்பீக்கர் இரண்டு வேண்டும், அவற்றைப் பார்வையாளருக்குப் பின்னால் வைக்காமல் திரைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். கோவிலில் மேளமும் வில்லும் போய்க்கொண்டிருக்கிற ராத்திரியில் இதைப் போடாதீர்கள். கொடை முடிந்து ஊர் அடங்கிய மறுநாள் சரியாக இருக்கும்.

இடைஞ்சல்களையும் சொல்லிவிட வேண்டும். படம் ஆங்கிலம். எலினாரின் மனக்குரல் பேசிக்கொண்டே இருப்பதால் மொழி புரியாதவருக்குப் பாதிப் படம் கிடைக்காது. ஆச்சிகளையும் சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இதைப் போடுவது அவர்களுக்கும் நியாயமில்லை, படத்துக்கும் நியாயமில்லை. இன்னொன்று இதைவிட முக்கியம். வீட்டில் சமீபத்தில் தாயை இழந்தவரோ, நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பவரோ இருந்தால், இந்தப் படத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தச் சுவர்ச் சத்தம் அவர்களை வேறு இடத்தில் போய்த் தாக்கும்.

இப்போது வருகிற பேய்ப்படங்களில் ஒன்றைப் போட்டால் என்ன என்று இளையவர்கள் கேட்பார்கள். திடீர்ச் சத்தமும் திடீர் முகமும் தூக்கிவாரிப் போடும் என்பது உண்மை. பத்துப் பேர் சேர்ந்து அலறுவதிலும் ஒரு சந்தோஷம் இருக்கிறது. ஆனால் அந்த அலறல் அடுத்த நிமிடமே சிரிப்பாகிவிடும், படுக்கப் போகிறபோது ஒன்றும் கூட வராது. எலினார் கூட வருவாள். பார்கவியும் வருவாள்.

அதனால் என் யோசனை இப்படி. மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்காருகிற ராத்திரிக்கு 'நெஞ்சம் மறப்பதில்லை'. பாட்டு வருகிறபோது பெரியவர்கள் கூடவே முணுமுணுப்பார்கள், நம்பியார் வருகிறபோது பிள்ளைகள் நெருங்கி உட்காருவார்கள், யாரும் விலகி நிற்க வேண்டியிருக்காது. பிள்ளைகள் கூட்டம்தான் அதிகம், யாருக்கும் கதை தெரியாது என்றால் 'யார் நீ?'. நாலைந்து பெரியவர்கள் மட்டும், ஆங்கிலம் தடையில்லை, மறுநாள் சீக்கிரம் எழ வேண்டாம் என்றால் 'தி ஹான்டிங்', இரண்டாவது யோசனை வேண்டாம். மலையாளம் காதுக்குப் பழகிய வீட்டில், முக்கியமாகக் குற்றாலத்தில் சாரலுக்கு வீடு எடுத்துத் தங்கியிருக்கிற ராத்திரியில், 'பார்கவி நிலையம்'. வெளியே மழைச்சத்தமும் உள்ளே அந்தக் கிணறும் சேர்ந்துகொண்டால் வேறு எதுவும் தேவைப்படாது.

ஆனி, ஆடியில் போடுவதானால் தட்டட்டியை மறந்துவிடுங்கள். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் அந்தக் காற்றில் வேட்டித் திரை நிற்காது, ஸ்பீக்கர் சத்தமும் அடித்துக்கொண்டு போய்விடும். வீட்டுக்குள் வெள்ளைச் சுவர் போதும். 'தி ஹான்டிங்' ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் ஓடும், பத்து மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும். தமிழ்ப்படங்கள் அதைவிட நீளம், எட்டரைக்கே ஆரம்பித்துவிட வேண்டும். சுக்குக் காப்பியை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். நடுவில் நிறுத்தி விளக்கைப் போட்டால், அதுவரை படம் சேர்த்து வைத்ததெல்லாம் போய்விடும், மறுபடி ஏறுவதற்கு இன்னொரு அரை மணி நேரம் ஆகும்.